அக்காவின் இரண்டு சாவுகள்

போன மாதம் என் பேத்திக்குத் தர்மபுரியில் ஒரு நர்சிங்ஹோமில் குழந்தை பிறந்தது. சர்க்கரை கொடுத்துச் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் அதைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. அன்றைக்கு வராந்தாவில், பிரம்பு நாற்காலியில் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஏரியூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி, மகளுக்கு வலி எடுத்து உள்ளே விட்டுவிட்டுக் காத்திருந்தாள். மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் திறந்தாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். காய்ச்சிய விளக்கெண்ணெய். நர்சுப் பெண் எங்கிருந்தோ வந்து, "அதெல்லாம் இங்க எடுக்கக் கூடாதும்மா" என்று சத்தம் போட்டாள். அதற்குள் வாசனை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

நான் எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் நின்றேன். எனக்கு மயக்கம் என்று நினைத்து என் மருமகன் ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்து கொடுத்தார். சர்க்கரை வியாதிக்காரிக்குக் கலர்! ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் தொண்டையில் வருவது வெளியே வராது.

விளக்கெண்ணெய் என்றால் எனக்கு அம்மா. பென்னாகரத்துக்கு மேற்கே, கரடும் மேடுமான சீமை எங்களுடையது. அப்போது அதெல்லாம் சேலம் ஜில்லா. கேழ்வரகு, சாமை, கொள்ளு, வரப்போரமெல்லாம் ஆமணக்கு. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதந்துவரும் எண்ணெயை அம்மா அகப்பையால் வழித்து எடுப்பாள். அதில் பாதி விளக்குக்கு. பாதி பிரசவத்துக்கு. சுற்று வட்டாரத்தில் யாருக்கு இடுப்புவலி கண்டாலும் ஆள் எங்கள் வாசலில் வந்து நிற்கும். அம்மா கூழைக் குடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். கூலி கிடையாது. வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வாள்.

அன்பே உருவான பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வலியில் கத்துகிற பெண்களை அம்மா திட்டுகிற திட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும். "கத்தி என்னாத்துக்கு ஆவுது, முக்குடி!" என்பாள். ஆம்பிளைக் கை மாதிரி பெரிய கை அவளுக்கு. என் முதுகில் அது விழுந்த ஞாபகம் எனக்கு நிறைய உண்டு. ஆனால் அந்தக் கை வயிற்றின் மேல் பட்டதும் வலி பாதி குறைந்துவிடும் என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். என் வயதில் ஊரில் இருந்த முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்தக் கையில் வந்து விழுந்தவர்கள்தான்.

என் அக்கா மாதம்மாளும் நானும் மட்டும்தான் வீட்டில். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளுக்கும் அம்மாவின் கைதான். அந்தப் பெரிய கையை மறைக்க அவள் எப்போதும் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பாள். சிரிப்பை மட்டும் அவளால் மறைக்க முடியாது. சாவு வீட்டில்கூட ஏதாவது பார்த்துச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஜனங்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தேற்றுவார்கள். அதில் எனக்கும் சிரிப்பு வந்து, நான்தான் மாட்டிக்கொள்வேன்.

எங்கள் காட்டுக்குக் கிளுவை வேலி தாண்டினால் சென்னப்பன் வீட்டுக் காடு. அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது ஆற்றோரத்து ஊர்கள் பலவும் முழுகிப்போயின. அப்படி முழுகிப்போன ஓர் ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு மேடேறி வந்தவர்கள். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். சாதி வேறு. சென்னப்பனின் அம்மாவை "உங்க ஊரு எதுங்க?" என்று யாராவது கேட்டால், "நம்மூரு நீரொளகெ ஐதெ" என்று மேற்கே கையைக் காட்டுவாள். தண்ணீருக்குள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நல்ல கோடையில் நீர் இறங்கும்போது ஊர்க்கோயிலின் தலை தெரியுமாம். அதைப் பார்ப்பதற்கென்றே நடந்து போய்விட்டு வருவாள்.

சென்னப்பன் வளர்த்தியான ஆள். மாடு கட்டித் தோல்சாலில் நீர் இறைப்பதை எங்கள் பக்கம் கவலை ஓட்டுவது என்பார்கள். கவலை ஓட்டும்போது எல்லோரும் பாடுவார்கள், இவன் மாட்டோடு பேசுவான். சண்டை போடுவான், சமாதானம் சொல்வான், வீட்டு விஷயம் எல்லாம் சொல்வான். வேலிக்கு இந்தப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பாள். கொஞ்ச நாளில் எங்கள் பசுவிடம் போய், "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சாப்பாடு ஆயிற்றா என்று. எனக்குப் புரியாத பாஷையில் என்னைத் திட்டுவதற்காகத்தான் கன்னடம் படிக்கிறாள் என்று நான் அம்மாவிடம் கோள் சொன்னேன். அவ்வளவுதான் என் புத்தி. அம்மா வேலிப்பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊர் மாட்டுவண்டிகள் ஒகேனக்கல் போகும். அந்த வருஷம் நல்ல வெள்ளம். நீர்த்தூள் மழை மாதிரி பறந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கிற கூட்டம், மீன் வறுக்கிற புகை, பரிசல்காரர்கள் கூப்பிடுகிற சத்தம். ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போன அக்கா திரும்பி வரவில்லை. வண்டி கட்டுகிற நேரம் வரைக்கும் தேடினோம். ஆற்றோடு போய்விட்டாள் என்று பெண்கள் மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் யாரோ வந்து சொன்னார்கள், கரையோரக் கோயிலில் அவளும் சென்னப்பனும் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று. உடனே மாரடிப்பது நின்றுவிட்டது. ஆற்றோடு போயிருந்தால் அழுதிருப்பார்கள். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் வண்டியில் அந்த மௌனத்தில் உட்கார்ந்து வந்தது எனக்கு இன்னும் முதுகில் உறைக்கிறது.

அக்காவும் சென்னப்பனும் எங்கள் ஊருக்கு வரவில்லை. கரடு என்கிற மொட்டைக் குன்றைச் சுற்றிக்கொண்டு போனால் ஆற்றோரம் ஒரு குடியிருப்பு, அங்கே அவர்கள் சொந்தக்காரர்கள் சிலர் இருந்தார்கள். தாயையும் அழைத்துக்கொண்டு சென்னப்பன் அங்கே குடிசை போட்டான். எங்கள் வாசலில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு கிட்டம்.

பஞ்சாயத்து கூடியது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பாதான் ஊரில் பெரியதனம். பஞ்சாயத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். எங்கள் குடும்பத்தை ஊர் தள்ளி வைத்தது. சொல்வதற்கு இரண்டு வார்த்தை. அனுபவிக்கும்போதுதான் தெரிகிறது அதற்குள் எத்தனை இருக்கிறது என்று. யுத்த காலம், தீப்பெட்டி கிடைக்காது. அடுத்த வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்கித்தான் எல்லோரும் அடுப்பு மூட்டுவோம். எங்களுக்கு நெருப்பு இல்லை என்றார்கள். அம்மா ராத்திரி அடுப்பைச் சாம்பலால் மூடி மூடி நெருப்பைக் காப்பாற்றினாள். துணி வெளுப்பவர் வரவில்லை. கொல்லர் கலப்பைக்குக் கொழு அடித்துத் தரவில்லை. அப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு பெண் காலையிலிருந்து வலியில் கத்தினாள். அம்மா குப்பியை மடியில் வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் வந்து கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் பெரியப்பா கொல்லைப்பக்கமாக வந்தார். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நான் என்னடா பண்ணட்டும்? உன்ன உட்டுட்டன்னா எட்டூரும் சேந்து என்னையும் தள்ளி வச்சுருவானுங்க. எம்மூட்டுலயும் கட்டிக் குடுக்க வேண்டிய புள்ளைங்க இருக்குதில்ல?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இதா, இவ நிக்கறா. இவளுக்கு எவன்டா வருவான்? பெரியவ செத்துட்டான்னு தல முழுவிடு. இவளாவது பொழைக்கட்டும்."

பின்னாளில் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் கொடுமைக்காரர் என்று ஒருவரைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியாது. அப்பா பெரியப்பாவுக்குப் பயந்தார், பெரியப்பா எட்டு ஊருக்குப் பயந்தார், எட்டு ஊரும் வேறு யாருக்கோ பயந்திருக்கும். சரித்திரத்தில் ராஜாக்கள் பெற்ற பிள்ளைகளைப் பலி கொடுத்ததாகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரிந்த முகமாக இருக்கிறது. அது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழும்.

கேழ்வரகு முற்றிக் கதிர் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஒரு ஆள் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அறுத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் கொட்டிப்போயிற்று. அப்பா சம்மதித்துவிட்டார்.

ஏரிக்கரையில் வைத்துச் செய்தார்கள். அக்கா கட்டியிருந்த பழைய புடவை ஒன்றை வைக்கோல் புரிக்குச் சுற்றி, அதற்கு நெருப்பு வைத்து, அப்பா மொட்டை போட்டுத் தலை முழுகினார். குடம் உடைத்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், நிஜமாகவே கண்ணீர் விட்டு. ஆற்றோரத்தில் அக்கா அந்த நேரத்தில் களி கிண்டிக்கொண்டு இருந்திருப்பாள். பந்தியில் நெல்லுச்சோறு போட்டார்கள். எங்கள் சீமையில் நெல்லுச்சோறு என்பது நல்லதுக்கும் கெட்டதுக்கும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் களிதான். வெள்ளைச் சோற்றைக் கண்டதும் நான் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாதான் போட்டாள். "இன்னுங் கொஞ்சம் வேணுமா கண்ணு?" என்று கேட்டாள். அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து நெருப்பு வந்தது.

அந்தப் பங்குனியில் அம்மன் கோயில் முன்னால் கூத்து. சபையின் பேச்சுக்குப் பயந்து பெற்ற மகளைக் காட்டுக்கு அனுப்புகிற ஒரு ராஜாவின் கதை. கடைசிக் கட்டம் ஆடும்போது நன்றாக விடிந்துவிட்டது. வேஷக்காரரின் முகத்தில் அரிதாரம் வியர்வையோடு வழிந்தது. ராஜா மகளைப் பார்த்துப் புலம்பப் புலம்ப ஊரே அழுதது. பெரியப்பா அழுதார். அன்றைக்குப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அழுதார்கள். அப்பா மட்டும் அழாமல் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அம்மா சாக்கை உதறிக்கொண்டு எழுந்தாள். "வேசம் கட்டினவனுக்குத்தான் இவனுங்களுக்கு அழுவை வரும். வாடி போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்பாவின் காதில் விழும்படிதான் சொன்னாள்.

சித்திரையில் வளையல்காரர் வந்தார். தோளில் சரம் சரமாக வளையலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். எந்த ஊர்க் கட்டும் அவருக்குக் கிடையாது. எனக்கு வளையல் போட்டுக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல், "ஆத்துப் பக்கம் போயிருந்தனுங்க. அங்க ஒரு பொண்ணுக்கு ரெண்டு கையிலயும் அடுக்கிட்டு வந்தன். எட்டு மாசம் ஆயிருச்சாமா. அளவு சேரவே இல்லீங்க, அவ்ளோ பெரிய கை" என்றார்.

அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "என்ன கலரு போட்ட?"

"பச்சைங்க."

"கால் வீங்கியிருக்குதா?"

"அதப் பாக்கலீங்களே, ஆத்தா."

"செத்த பாத்துட்டு வந்திருக்கலாமில்ல" என்றாள் அம்மா. குரல் கோபமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் ஆமணக்கு முத்தை வறுக்க ஆரம்பித்தாள். விளக்குக்கு வீட்டில் எண்ணெய் இருந்தது. அப்பா பார்த்தார். கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள், வெயில் நெற்றிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். நானும் அம்மாவும் வாசலில் புளி நசுக்கிக்கொண்டிருந்தோம். ஊர் எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒருவன் ஓடிவந்து நின்றான். எங்கள் வீடு ஊருக்குக் கடைசி, எல்லை அங்கிருந்தே தெரியும். சென்னப்பன். இடுப்புத் துணியோடு, மேலெல்லாம் புழுதியோடு. ஊருக்குள் கால் வைக்கவில்லை. அங்கிருந்தே கத்தினான்.

"அத்தை! நேத்திலிருந்து வலிங்க. புள்ள குறுக்கால கெடக்குதுன்னு எங்கம்மா சொல்றாங்க. நீங்க வந்து கைய வச்சாப் போதும் அத்தை!"

அம்மா உள்ளே போனாள். எண்ணெய்க் குப்பியோடு வெளியே வந்தாள். நடக்க ஆரம்பித்தாள். அதற்குள் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா மூச்சு இரைக்க வந்து வழியில் நின்றார். யாரும் அம்மாவைத் தொடவில்லை. எல்லை வரைக்கும் கூடவே நடந்தார்கள்.

"கருமாதி பண்ணிட்டு வந்தமே, ஊரே சோறு தின்னுச்சே. செத்தவளுக்கு ஏதும்மா பிரசவம்?" என்றார் பெரியப்பா. "நீ அந்தக் கல்லத் தாண்டினா மறுக்காவும் மொதலேந்துதான். ஆனியில சின்னவளப் பாக்க வர்றாங்க. யோசன பண்ணிக்கோ."

அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கல்லுக்கு ஓரடி முன்னால் அப்பா வந்து அவள் காலில் விழுந்தார். அத்தனை பேர் பார்க்க. எங்கள் ஊரில் ஒரு ஆண் பெண்டாட்டியின் காலில் விழுந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. இரண்டு காலையும் கட்டிக்கொண்டு, மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, "போவாத புள்ள. இவ ஒருத்திதான் நமக்கு மிச்சம். இவளையும் சாவடிச்சுராத" என்று அழுதார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையெல்லாம் புளியோடு நின்றுகொண்டிருந்தேன். "போம்மா" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்காது.

அங்கேயே நின்றாள். காலை உதறவில்லை. தலையை நிமிர்த்திக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. எண்ணெயச் சுட வச்சுக்கோ, கை பொறுக்கற சூடு. அவள மல்லாக்கப் படுக்க வச்சு முட்டிய மடக்கச் சொல்லு. தல எங்க இருக்குதுன்னு மொதல்ல கண்டுபுடி. தேங்கா மாதிரி கெட்டியா உருளும். கெடச்சுதா? ஒரு கை அது மேல. இன்னொரு கை புட்டத்து மேல."

பிரசவ அறை விஷயம். ஆண்கள் காதில் விழக்கூடாதது. ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் முன்னால், அந்தப் பெரிய கைகளைக் காற்றில் வைத்து, அங்கே இல்லாத ஒரு வயிற்றை அம்மா மெள்ளத் திருப்பிக் காட்டினாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சென்னப்பனும் தன் கையைக் காற்றில் வைத்து அதே மாதிரி செய்தான்.

"வலி வர்றப்ப தொடாத. வலி உட்டதும் தள்ளு. அவசரப்படாத, அமுக்காத. தலையக் கீழ எறக்கு, இத மேல ஏத்து. சொல்லு பாக்கலாம்."

அவன் சொன்னான். ஓர் இடத்தில் தப்பாகச் சொன்னான். அம்மா திட்டினாள். மறுபடி சொன்னான். குப்பியைக் கல்லின் மேல் வைத்தாள். எடுத்துக்கொண்டு கரட்டைப் பார்த்து ஓடினான். அவன் புள்ளியாகி மறையும் வரைக்கும் அம்மா கையை இறக்கவில்லை.

அடுத்த நாள் நானும் அம்மாவும் காட்டில் இருந்தபோது கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். அவர்கள் விட்டுப்போன காடு, களை மண்டிக் கிடந்தது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிருச்சுங்க அத்தை. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சன். தல கீழ வந்துருச்சு. பையன்" என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவ பையனப் பாத்துச் சிரிச்சா. கை ஒங்க கை மாதிரின்னு சொன்னா. அப்பறம் ரத்தம் போயிக்கிட்டே இருந்துச்சுங்க. நிக்கவே இல்ல."

அம்மா கேட்டாள். "கொழந்த வந்ததும் வயித்தத் தேச்சு உட்டியா? கல்லு மாதிரி கெட்டியாவற வரைக்கும் அமுக்கித் தேய்க்கணுமே. தேச்சியா?"

"அத நீங்க சொல்லலீங்களே, அத்தை" என்றான்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அம்மா அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள். முள் குத்தி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. "சொல்லலியே. சொல்லலியே நான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சென்னப்பனும் உட்கார்ந்தான். நடுவில் வேலி இருந்தது. மூன்று பேரும் அங்கேயே வெகுநேரம் இருந்தோம்.

வீட்டில் அழ முடியவில்லை. செத்துக் கருமாதியும் முடிந்துபோன பெண்ணுக்கு மறுபடி எப்படி அழுவது? பந்தல் இல்லை, பறை இல்லை, கட்டிக்கொண்டு அழ ஒரு பெண் வரவில்லை. ஊருக்கு விஷயம் தெரியும். தண்ணீர்த்துறையில் எங்களைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள், அதுதான் அவர்களால் முடிந்த துக்கம். அப்பா மாட்டுக் கொட்டாய்க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாடு மிரண்டு கத்தியதிலிருந்துதான் அவர் உள்ளே தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார் என்று தெரிந்துகொண்டோம்.

அம்மா அதற்குப் பிறகு பிரசவத்துக்குப் போகவில்லை. அந்த ஐப்பசியில் பெரியப்பாவின் மகளுக்கே தலைப்பிரசவம். பெரியப்பா நேரில் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "பாருங்க மாமா, நடுங்குது. இந்தக் கையோட நான் எப்புடி வர்றது?" என்றாள். பழிவாங்குகிற பேச்சு இல்லை. நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கூத்தாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருக்கும், நியாயம் நேராகியிருக்கும். அப்படியெல்லாம் ஆகவில்லை. வேறொரு கிழவி போய்ப் பார்த்தாள். சுகப்பிரசவம். நல்லவேளை. அந்தப் பெண் என்னோடு சின்ன வயதில் விளையாடியவள்.

ஆனியில் என்னைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அவர்களுக்கு உள்ளூரிலேயே வேறு இடம் அமைந்துவிட்டதாம். எங்கள் பேச்சே அங்கே எழவில்லையாம். ஒரு வீட்டுக்காரர்களின் வாய்க்குப் பயந்து நாங்கள் என்னவெல்லாம் செய்தோமோ, அந்த வீட்டுக்காரர்களுக்கு எங்கள் ஞாபகமே இல்லை. சில வருஷம் கழித்து அதியமான்கோட்டையில் என்னைக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர். என் கல்யாணத்தில் அம்மா எல்லோருக்கும் பின்னால், பந்தக்கால் ஓரம் நின்றாள். தாலி கட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கரட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னப்பன் பையனையும் தாயையும் கூட்டிக்கொண்டு கன்னடச் சீமைப் பக்கம் போய்விட்டான் என்று வளையல்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் வளையல்காரரும் வரவில்லை. அந்தப் பையன் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பான். பெங்களூர் பஸ்ஸில் நடுவயது தாண்டிய ஆள் யாராவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், நான் வெட்கமில்லாமல் அவர் கையைப் பார்ப்பேன். ஒருமுறை ஒருவர் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தையில் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று அழைப்பு வந்தது. வெகு வருஷம் கழித்துப் போனேன். அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். பெரியப்பாவும் இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் யாரோ சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கிளுவை வேலி போய்க் கம்பி வேலி வந்திருக்கிறது. ஆற்றோரக் குடியிருப்புக்கு டவுன் பஸ் போகிறது. கண்டக்டர் சில்லறை கொடுத்து முடிப்பதற்குள் கரட்டைச் சுற்றிவிடும் என்றார்கள். சாலை போட்டபோது எல்லைக்கல்லையும் பிடுங்கிவிட்டார்கள்.

பெரியப்பாவின் பேரன் என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினான். இந்த வயதில் மொபெட்! அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். தங்கமான பையன். ஏரிக்கரையில் நிறுத்தி எனக்கு இளநீர் வெட்டச் சொன்னான். நான் கரையைப் பார்த்துக்கொண்டே, "மாதம்மா அக்காவப் பத்தி உங்க அப்பா ஏதாச்சும் சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

"எந்த மாதம்மாங்க?" என்றான்.

"எங்கூடப் பொறந்த அக்கா."

அவன் கொஞ்சம் குழம்பினான். என் வயதை நினைத்திருப்பான். மரியாதைக் குறைவாகப் போய்விடக் கூடாதே என்று குரலைத் தணித்துக்கொண்டு, இளநீரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"அத்தை, நீங்க ஒரே பொண்ணுதானுங்களே?"